பெரம்பூரில் செய்து பீச்சுக்கு வந்த ஏசி மின்சார ரயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஏப்ரல் 19-ஆம் தேதி சென்னைப் புறநகர் தடத்தில் முதல் ஏசி மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அன்றிலிருந்து பிளாட்பாரத்திலும் வண்டிக்குள்ளேயும் வீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் ரயில்வே ஊழியன் இல்லை. தாம்பரம் பக்கத்திலிருந்து தினமும் வந்து போகிறவன், கொஞ்சம் ரயில் பைத்தியம்.

இது எந்தத் தடத்தில் ஓடுகிறது?

சென்னை பீச் (கடற்கரை ஸ்டேஷன்) – தாம்பரம் – செங்கல்பட்டு. பீச்சிலிருந்து செங்கல்பட்டு சுமார் 60 கிலோமீட்டர். சென்னையின் மிகப் பழைய மின்சாரத் தடமும் இதுதான். 1931-லேயே பீச்சிலிருந்து தாம்பரத்துக்கு மீட்டர் கேஜில் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்) மின்சார ரயில் விட்டிருக்கிறார்கள். அந்தச் சின்ன மீட்டர் கேஜ் வண்டிகள் 2004 வரை ஓடின. எக்மோரிலிருந்து தாம்பரம் போக அதில் தொங்கிய தலைமுறை இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

எத்தனை பெட்டி? எத்தனை பேர் போகலாம்?

12 பெட்டி. உட்கார 1,116 இடம், நின்றுகொண்டு 3,798 பேர் என்பது ரயில்வே சொல்லும் கணக்கு. பெட்டிக்குச் சராசரியாக 93 சீட். ஆக, அதிகப் பணம் கொடுத்ததால் உட்கார்ந்து போகலாம் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நீங்கள் வாங்குவது குளிர்ந்த காற்றை, சீட்டை இல்லை. நிற்கிறவர்களுக்கு வசதியாகப் பிடிகளும் கம்பிகளும் நிறைய இருக்கின்றன. ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு உள்ளேயே நடந்து போகலாம், சீட் தேட அது உதவும். சாதாரண மின்சார ரயிலில் தவறான பெட்டியில் ஏறிவிட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி ஓட வேண்டியதுதான்.

“உள்ளூர் தயாரிப்பு” என்கிறார்களே, முழுவதும் இங்கேயே செய்ததா?

செய்தது பெரம்பூர் ஐசிஎஃப், அதாவது இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை. வில்லிவாக்கம், அயனாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை, பாதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் அங்கே வேலை பார்த்திருப்பார். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்து வைத்தது. தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்பத்தில் பெட்டி கட்டினார்கள். இப்போது ஆண்டுக்குச் சுமார் 3,000 பெட்டிகள் வெளியே வருகின்றன. வந்தே பாரத் முதலில் பிறந்ததும் இங்கேதான். 1984-இல் கொல்கத்தாவில் மெட்ரோ ஓடத் தொடங்கியபோது அதன் பெட்டிகளும் இங்கிருந்துதான் போயின.

ஆனால் “முழுவதும்” என்ற சொல்லுக்குப் பதில் கொஞ்சம் நீளம். உள்ளே ஷெல் பிரிவு, ஃபர்னிஷிங் பிரிவு என்று இரண்டு பெரிய பகுதிகள். ஷெல் பிரிவில் அடிச்சட்டம், பக்கச் சுவர், முனைச் சுவர், கூரை எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகில் தனித்தனியாகச் செய்து, பிறகு ஒன்றாக வைத்து வெல்டிங் செய்கிறார்கள். அந்தக் கட்டத்தில் அது ஜன்னல் ஓட்டைகளோடு நிற்கும் ஒரு வெறும் தகரக் கூடு. அப்புறம் ஃபர்னிஷிங் பிரிவுக்குப் போய் வயர், தரை, சீட், கண்ணாடி, கதவு எல்லாம் ஏறும். வண்டியை ஓட்டும் மோட்டார், அதைக் கட்டுப்படுத்தும் மின்னணு அமைப்பு, ஏசி இயந்திரம், தானியங்கிக் கதவின் இயக்கம் போன்றவை வெளி நிறுவனங்களிடம் வாங்கிப் பொருத்துபவை. கல்யாணச் சமையலில் அரிசி, பருப்பு, காய்கறி வெளியே வாங்கினாலும் சமைத்தது நம் அடுப்பில்தான் என்பதைப் போல. மும்பைக்குப் போன முதல் ஏசி வண்டியின் மின் கருவிகள் பெல் (BHEL) நிறுவனத்துடையவை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். சென்னை மெட்ரோவின் முதல் ஒன்பது ரயில்கள் பிரேசிலிலிருந்து கப்பலில் வந்தவை. மீதியை ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில் அல்ஸ்டாம் கட்டியது. அந்த வகையில் பார்த்தால், ஓடும் ஊரிலேயே கட்டப்பட்ட வண்டி என்ற பெருமை இந்த ஏசி ரயிலுக்கு உண்டு.

கட்டி முடித்த உடனே ஓட்டிவிட முடியாதா? ஏன் மாதக்கணக்கில் சும்மா நிறுத்தியிருந்தார்கள்?

சும்மா இல்லை. புது வடிவ வண்டி என்றால் அதை வெவ்வேறு வேகத்தில் ஓட்டி, எவ்வளவு ஆடுகிறது, பிரேக் போட்டால் எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று அளக்க வேண்டும். காலி வண்டி ஆடுவது வேறு, நிறைந்த வண்டி ஆடுவது வேறு. அதனால் சோதனையில் மணல் மூட்டைகளை அடுக்கி ஆள் எடைக்கு ஈடு செய்வது வழக்கம். சீட்டில் வரிசையாக மூட்டைகள் உட்கார்ந்திருக்கும், நமக்குக் கிடைக்காத சீட்! இதற்குப் பிறகு ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் ஒப்புதலும் வேண்டும்.

தொழிற்சாலை இங்கே இருக்கும்போது மும்பைக்கு ஏன் முதலில் போனது?

நியாயமான வயிற்றெரிச்சல். ஐசிஎஃப் கட்டிய முதல் ஏசி லோக்கல் 2017 டிசம்பர் 25-ஆம் தேதி மும்பை மேற்கு ரயில்வேயில் ஓடத் தொடங்கியது. நமக்கு வந்தது ஏழு ஆண்டுக்கு மேல் கழித்து. பந்தியில் பரிமாறுகிறவர்கள் கடைசியில்தானே சாப்பிடுகிறார்கள்.

மும்பையின் கூட்டத்தைப் பார்த்தால் அவர்களுக்கு முதல் இலை போட்டது தப்பில்லை. அங்கேயும் எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. முதல் வண்டி 2016-லேயே போய்ச் சேர்ந்துவிட்டது. உயரம் அதிகம், மத்திய ரயில்வேயின் பழைய பாலங்களுக்குக் கீழே இடிக்கும் என்பதால் கடைசியில் மேற்குத் தடத்துக்குக் கொடுத்தார்கள். கட்டியவர்களுக்கும் ஓட்டியவர்களுக்கும் அதுதான் பாடசாலை. பல தொல்லைகளை மும்பைக்காரர்கள் நமக்காகப் பட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

டிக்கெட் எவ்வளவு?

தொடங்கியபோது குறைந்தபட்சம் 35 ரூபாய், பீச்சிலிருந்து செங்கல்பட்டு வரை 105 ரூபாய். சாதாரண மின்சார ரயிலில் குறைந்தபட்சம் 5 ரூபாய், பீச் – தாம்பரம் 10 ரூபாய் என்பதை நினைத்தால் தலை சுற்றும். மாத சீசன் டிக்கெட் உண்டு. தினமும் போகிறவர்கள் அதைத்தான் பார்க்க வேண்டும், ஒவ்வொரு நாளும் தனி டிக்கெட் எடுத்தால் கட்டுப்படியாகாது.

என் சாதாரண சீசன் டிக்கெட்டை வைத்து ஏறலாமா?

கூடாது. ஏறினால் டிடிஆர் பிடிப்பார். ஏசி வண்டிக்குத் தனி டிக்கெட், தனி சீசன். மொபைலில் எடுக்கும்போதும் ஏசி என்பதைத் தேர்ந்தெடுத்து எடுக்க வேண்டும். அவசரத்தில் வழக்கமான டிக்கெட்டை எடுத்துவிட்டு “எல்லாம் ஒரே தடம்தானே சார்” என்று வாதாடியவர்களை நானே பார்த்திருக்கிறேன். வாதம் எடுபடவில்லை. அபராதமே குறைந்தது 250 ரூபாய், கட்டண வித்தியாசம் தனி.

தலைகீழாகச் செய்யலாம்: ஏசி டிக்கெட்டோடு சாதாரண வண்டியில் ஏறினால் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை, உங்கள் மனசாட்சியைத் தவிர.

இவ்வளவு விலை வைத்தால் யார் ஏறுவார்கள்? குறைக்க மாட்டார்களா?

மும்பையில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கே முதல் 5 கிலோமீட்டருக்கு 65 ரூபாய் வாங்கினார்கள். வண்டி ஓடியது, கூட்டம் ஏறவில்லை. சாதாரண வண்டியில் மூச்சுவிட இடமில்லாமல் தொங்குகிறவர்கள் பக்கத்தில் ஏசி வண்டி காலியாகப் போவதைப் பார்த்துத் திட்டினார்கள். 2022 மே மாதம் தனி டிக்கெட் விலையைப் பாதியாகக் குறைத்தார்கள்: 65 ரூபாய் 30 ஆனது, 25 கிலோமீட்டருக்கு 135 ரூபாய் 65 ஆனது. அதற்குப் பிறகு கூட்டம் மளமளவென்று ஏறியது.

நம் ஊர் விலை அந்தக் குறைத்த விலையை ஒட்டித்தான் இருக்கிறது. அதனால் இன்னொரு பாதிக் குறைப்பை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் மும்பைக்காரருக்கு இருக்கும் மாற்று வழி வேறு, நமக்கு இருக்கும் மாற்று வழி வேறு. பீச் பக்கத்திலிருந்து கிண்டி, மீனம்பாக்கம் வரை மெட்ரோ இருக்கிறது. அதுவும் ஏசி, அதன் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான், வண்டியும் அடிக்கடி வருகிறது. ஆகவே எக்மோர் – கிண்டி ஆட்களை இந்த ரயில் பெரிதாக இழுக்காது. இதற்கு உண்மையான வாடிக்கையாளர் விமான நிலையத்தைத் தாண்டியவர்: தாம்பரம், பெருங்களத்தூர், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, பரனூர் மகேந்திரா சிட்டி. அவருக்கு இன்னும் மெட்ரோ இல்லை. பேருந்திலோ காரிலோ போனால், தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் பெருங்களத்தூரைத் தாண்டுவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம்.

முதல் வகுப்பு தனியாக இருக்கிறதா?

இல்லை. எல்லோரும் ஒரே வகுப்பு.

கதவு தானாக மூடிக்கொள்ளுமாமே? நடுவில் மாட்டிக்கொண்டால்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

எல்லோரும் இதை “ஏசி ரயில்” என்கிறார்கள். என்னைக் கேட்டால் “கதவு ரயில்” என்பேன். சென்னைப் புறநகர் ரயிலில் கதவுக்கான வழி எப்போதும் திறந்தே இருந்ததால், ஃபுட்போர்டு என்பது நமக்கு ஒரு தனி வகுப்பு மாதிரி ஆகிவிட்டது. காற்று வரும், இறங்க வசதி, நண்பர்கள் நிற்குமிடம். முதல் வாரத்தில் மாம்பலத்தில் ஒருவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். வண்டிக்குள் ஏறிய உடனே உடம்பு தானாகத் திரும்பி வாசலைப் பார்த்து நின்றுகொண்டது, வலது கை மேலே போய் வாசல் நடுவில் வழக்கமாக இருக்கும் கம்பியைத் தேடியது. கம்பி இல்லை. மணி அடித்தது, கதவு அவர் மூக்குக்கு முன்னால் வந்து மூடியது. கையை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இது வேடிக்கைக்காகச் சொல்வதில்லை. 2018 ஜூலை 24 காலையில், மின்கம்பி அறுந்ததால் புறநகர் வண்டிகளை விரைவு ரயில்களின் தண்டவாளத்தில் திருப்பிவிட்டார்கள். பீச்சிலிருந்து திருமால்பூர் போன வண்டி ஒன்று நெரிசலோடு பரங்கிமலையைக் கடந்தபோது, ஃபுட்போர்டில் தொங்கியவர்கள் பக்கத்திலிருந்த கான்கிரீட் சுவரில் மோதினார்கள். வேலைக்குக் கிளம்பியவர்கள், இளைஞர்கள் சிலர் வீடு திரும்பவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு இன்னும் கண் தானாக அந்தச் சுவர் இருந்த இடத்தைத் தேடும். படியில் பயணம் ரயில்வே சட்டப்படி குற்றம் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒலிபெருக்கியில் சொல்கிறார்கள். சட்டத்தால் முடியாததை இந்தக் கதவு செய்கிறது, ஏனென்றால் கதவுகள் சரியாக மூடினால்தான் மோட்டார்மேனால், அதாவது ஓட்டுநரால், வண்டியை எடுக்க முடியும்.

நடுவில் மாட்டிக்கொண்டால்? கதவின் ஓரத்தில் ரப்பர் இருக்கிறது, தடை இருந்தால் மீண்டும் திறக்கும். ஆனால் பையின் வார், துப்பட்டா முனை, சேலைத் தலைப்பு போன்ற மெல்லியவற்றை அது உணரும் என்று நம்பி நிற்க வேண்டாம். மணி அடித்த பிறகு ஓடிவந்து கையை நுழைக்கும் வீரமும் வேண்டாம். உங்கள் ஒரு கையால் 12 பெட்டியும் நிற்கும்.

கரண்ட் போனால்? உள்ளேயே வெந்துபோவோமா?

பயம் நியாயமானது. 2025 ஆகஸ்டில் மும்பை மோனோரயில் ஒன்று கூட்டத்தோடு மேலே நின்றுபோய், ஏசியும் போய், கண்ணாடியை உடைத்து ஆட்களை இறக்கிய காட்சியை எல்லோரும் பார்த்தோம். இந்த மாதிரி வண்டிகளில் மின்சாரம் போனாலும் பேட்டரியில் விளக்கும் காற்றோட்டமும் கொஞ்ச நேரம் இருக்கும்படி ஏற்பாடு இருக்கும். மோட்டார்மேனிடம் பேச ஒரு பொத்தான், கதவை உள்ளிருந்து கையால் திறக்க ஒரு அவசரப் பிடி. ஏறியதும் அந்தப் பிடி எங்கே என்று ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் வண்டி நின்ற உடனே திறந்து தண்டவாளத்தில் குதிக்காதீர்கள். பக்கத்துத் தடத்தில் வண்டி வரும்.

வேகமாகப் போகுமா?

மணிக்கு 110 கிலோமீட்டர் போகக் கூடிய வண்டி. ஆனால் பீச்சிலிருந்து தாம்பரம் வரை 18 ஸ்டேஷன், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே சராசரி இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் அடிக்கடி நிற்கிற வண்டிக்கு 110 எங்கே எட்டும்? இந்தத் தடத்தில் நேரம் மிச்சமாவது உச்ச வேகத்தால் இல்லை, கிளம்பும்போது எவ்வளவு சீக்கிரம் வேகம் எடுக்கிறது என்பதால். பழைய வண்டி கிளம்பும்போது ஒரு உலுக்கு உலுக்கும், அடுத்தடுத்து படிபடியாக வேகம் ஏறும். புதியதில் மூன்று கட்ட மின்மோட்டார், சரிவில் உருள்வது போல வழுக்கிக்கொண்டு போகும். பிரேக் போடும்போது அதே மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்து ஒரு பகுதியை மேலே கம்பிக்கே திருப்பி அனுப்பும். சென்னைக்கு இது முதல் தடவை இல்லை, ஏசி இல்லாத புது வண்டிகள் சிலவற்றிலும் இதே ஏற்பாடுதான்.

ஆனால் கதவு திறந்து மூடும் நேரம் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் சில நொடிகளைத் தின்றுவிடுகிறது. பழைய வண்டியில் நிற்பதற்கு முன்பே பாதிப் பேர் குதித்துவிடுவார்கள். ஆக, மொத்தத்தில் கணக்குச் சரியாகிவிடுகிறது.

என் ஆபீஸ் நேரத்துக்கு ஏன் வண்டி இல்லை?

தொடங்கியபோது இருந்தது ஒரே ஒரு ரேக், அதாவது 12 பெட்டி கோத்த ஒரு முழு வண்டி. ஒரு வண்டி ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் இருக்கும். அது செங்கல்பட்டுக்குப் போனால் திரும்பி வர வேண்டும், நடுவில் பராமரிப்புக்கு நிற்க வேண்டும். முதலில் நாளைக்கு ஆறு சேவை விட்டார்கள். நேரம் சரியில்லை என்று பயணிகள் சொன்ன பிறகு மே 2 முதல் நேரத்தை மாற்றி எட்டு ஆக்கினார்கள். அப்போது அது பழுதாகி நின்றால் மாற்று ஏசி வண்டி கிடையாது, சாதாரண வண்டிதான் வந்தது. அன்றைக்கு ஏசி டிக்கெட் எடுத்தவர் முகத்தைப் பார்க்க முடியாது.

இன்னொரு குறையும் அடிக்கடி காதில் விழுகிறது: “எங்கள் பத்து ரூபாய் வண்டியை எடுத்துவிட்டு இதை விட்டார்கள்.” இதில் உண்மை இருக்கிறது. காலை எட்டு முதல் பத்து வரை இந்தத் தடத்தில் வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போகின்றன. அந்த நேரத்தில் ஒரு ஏசி வண்டி நுழைந்தால், ஒரு சாதாரண வண்டிக்கான இடம் போகும். கூட்டமான நேரத்தில் விட்டால் ஏழை வண்டியைப் பிடுங்கியதாகும், கூட்டமில்லாத நேரத்தில் விட்டால் காலியாக ஓடும். ரேக் அதிகமானால் மட்டும் இது தீராது, தண்டவாளமும் அதிகமாக வேண்டும்.

சமோசா, சுண்டல் வருமா?

நான் பார்த்த வரை இல்லை. கதவு மூடியதும் “சமோசே… சமோசே…” நின்றுவிட்டது. பல்லாவரம் தாண்டியதும் ஒரு பாட்டு கேட்குமே, பார்வையில்லாத ஒருவர் சின்ன ஸ்பீக்கரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பாடுவாரே, அவரையும் காணோம். ஒவ்வொருவர் காதிலும் அவரவர் ஹெட்போன்.

மற்ற தடங்களுக்கு எப்போது?

ஆவடி, அரக்கோணம் பக்கத்துக்காரர்களும் கும்மிடிப்பூண்டி பக்கத்துக்காரர்களும் இதைக் கேட்காத நாள் இல்லை. கொல்கத்தாவுக்கு 2025 ஆகஸ்டில் சியால்டா – ராணாகாட் தடத்தில் ஏசி லோக்கல் போய்விட்டது, அதுவும் ஐசிஎஃப் வண்டிதான். பெரம்பூருக்குப் பக்கத்திலேயே ஓடும் தடம், ஆவடி, அரக்கோணம் போகும் நம் மேற்குத் தடம். தொழிற்சாலை மதில் சுவரைப் பார்த்துக்கொண்டே வியர்வையில் தொங்குவது கொஞ்சம் கொடுமைதான்.

ஏசி வேண்டாம், கதவு மட்டும் போதும் என்றால் கிடைக்குமா?

அந்த வழியில்தான் வேலை நடக்கிறது. 2025 ஜூன் 9-ஆம் தேதி மும்பை மும்ப்ராவில் எதிரெதிரே வந்த இரண்டு வண்டிகளில் தொங்கியவர்கள் ஒருவரை ஒருவர் உரசிக் கீழே விழுந்து இறந்தார்கள். அதற்குப் பிறகு ரயில்வே அமைச்சரும் ஐசிஎஃப் பொறியாளர்களும் உட்கார்ந்து பேசி, ஏசி இல்லாத வண்டிக்கும் தானியங்கிக் கதவு என்று முடிவெடுத்து அறிவித்தார்கள். மூடிய கதவுக்குள் மூச்சு முட்டாமல் இருக்க மூன்று ஏற்பாடு: காற்று புகும்படி கதவிலேயே சாய்வான தட்டிகள், கூரையிலிருந்து வெளிக்காற்றை இறைக்கும் கருவி, கூட்டம் ஒரே பெட்டியில் அடையாமல் நகர பெட்டிகளுக்கு இடையே வழி.

சென்னை மே மாதத்தில், மாலை ஆறரை மணிக்கு, நிறைந்த பெட்டியில் அந்தத் தட்டி வழியாக எவ்வளவு காற்று வரும் என்பதுதான் என் சந்தேகம். வடிவமைத்தவர்களே ஒரு நாள் மாம்பலத்தில் ஏறித் தாம்பரம் வரை நின்றுகொண்டு வந்து பார்த்தால் தெரிந்துவிடும். தொழிற்சாலையிலிருந்து அதிக தூரமும் இல்லை.

விலை? சாதாரண வண்டி என்பதால் சாதாரண டிக்கெட்தான் இருக்க வேண்டும். பத்து ரூபாய்க்குக் கதவு. முதல் வண்டி? மும்பைக்கு.